வேலைக் கடிதம் இல்லாமல் அமெரிக்கக் குடியேற்றம்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கீழக்கரையில் பிறந்தவன். பாக் நீரிணையின் கடற்புல் பற்றிய ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றேன். எந்த நிறுவனத்தின் வேலைக் கடிதமும் இல்லாமல் என் பெயரிலேயே அமெரிக்கக் குடியேற்ற மனுவைப் போட்டு, அது ஏற்கப்பட்டு, இன்னும் வரிசையில் காத்திருக்கிறேன். வழக்கறிஞர் அல்லன். ஆனாலும் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாரத்துக்கு ஒருவராவது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ‘சபர்’, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போவது தலைமுறைப் பழக்கம் என்பதால், ‘வேலையே தேடிக்கொள்ள வேண்டாம், நேரே கிரீன் கார்டு’ என்று ஒருவர் சொன்னால் அது ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவிவிடுகிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் அது மனிதரை ஏமாற்றுகிறது என்பதை எழுதி வைப்பது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

வேலைக் கடிதம் இல்லாமல் வேலைவாய்ப்பு வழியில் குடியேறலாம் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் அது விதிவிலக்கு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 குடியேற்ற விசாக்களை ஐந்து பிரிவுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்குவார்கள். வழக்கமான வழியில், ஓர் அமெரிக்க நிறுவனம் முதலில் அந்த வேலைக்கு உள்நாட்டில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்டிச் சான்று வாங்கி, அதன் பிறகு ஐ-140 என்னும் மனுவை உங்களுக்காகத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டு படிகளையும் தவிர்த்து, மனுதாரரும் பயனாளியும் நீங்களே என்று போடக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு உள்ளன. ஒன்று, முதல் பிரிவில் வரும் ‘அசாதாரணத் திறன்’ என்னும் ஈபி-1ஏ. மற்றொன்று, இரண்டாம் பிரிவில் வரும் ‘தேச நலன் விலக்கு’, அதாவது என்ஐடபிள்யூ. முதலீட்டுக்கென ஐந்தாம் பிரிவு ஒன்றும் உண்டு. 2022 மார்ச் மாதச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது 8,00,000 டாலர் வேண்டும் என்பதால் அதைப் பற்றி இங்கே மேலும் எழுதவில்லை. ஈபி-1ஏ, தேச நலன் விலக்கு ஆகிய இரண்டு மனுக்களையும் இந்தியாவில் இருந்தபடியே போடலாம். அதற்காக அமெரிக்காவில் கால் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஐடிஐ முடித்தவர், பட்டயப் படிப்பு முடித்தவர், நாற்பது ஆண்டு கடலுக்குப் போன மீனவர் ஆகியோருக்கு இது பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. இதைச் சொல்லும்போது எனக்கும் மனம் கஷ்டப்படுகிறது. பாம்பனில் ஒரு பெரியவர், காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் பார்த்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர், தம் மகனுக்காக என்னிடம் இதைக் கேட்டார். அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் சட்டம் அதை மூன்றாம் பிரிவில்தான் வைக்கும்; மூன்றாம் பிரிவுக்கு வேலை தரும் நிறுவனமும் தொழிலாளர் துறைச் சான்றும் கட்டாயம். வெல்டர், ஓட்டுநர், சமையல்காரர் என்று எவருக்கேனும் ‘ஆஃபர் இல்லாத கிரீன் கார்டு’ வாங்கித் தருவதாக யாராவது முன்பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். குலுக்கல் முறையிலான பன்முகத்தன்மை விசாவைக் காட்டிப் பணம் வாங்குவோரும் உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் இடமே கிடையாது.

ஈபி-1ஏ பிரிவுக்கு என்ன தகுதி வேண்டும்?

படிப்புத் தகுதி என்று எதையும் இந்தப் பிரிவு கேட்பதில்லை. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு ஆகிய துறைகளில் ஒன்றில், தேசிய அல்லது சர்வதேச அளவில் நீடித்த பெயர் பெற்று, அந்தத் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர் நீங்கள் என்று காட்ட வேண்டும். நோபல் போன்ற ஒரே பெரிய விருது இருந்தால் அது போதும். இல்லையென்றால் விதிகளில் உள்ள பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றையாவது நிறைவு செய்ய வேண்டும்: பரிசுகள், சாதனையைப் பார்த்தே சேர்த்துக்கொள்ளும் சங்கங்களில் உறுப்பினர் பொறுப்பு, உங்களைப் பற்றி ஊடகங்களில் வந்த கட்டுரைகள், பிறர் பணியை மதிப்பிட்ட அனுபவம், துறையில் பெரும் தாக்கம் கொண்ட புதிய பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், கண்காட்சிகள், புகழ்பெற்ற அமைப்புகளில் முக்கியப் பொறுப்பு, துறையில் உயர்ந்த ஊதியம், நிகழ்த்து கலைகளில் வணிக வெற்றி.

மூன்றைத் தொட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கசாரியன் வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்து, அதிகாரி முதலில் மூன்று அளவுகோல்கள் நிறைவாகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, இவர் உண்மையிலேயே உச்சியில் இருப்பவர்தானா என்று எடைபோடுவார். இரண்டாவது கட்டத்தில்தான் பல மனுக்கள் விழுகின்றன. அமெரிக்கா சென்ற பின்னும் இதே துறையில்தான் பணியைத் தொடரப் போகிறீர்கள் என்பதற்கும் ஒரு திட்ட விளக்கத்தையோ கடிதங்களையோ இணைக்க வேண்டும்.

தேச நலன் விலக்கு என்பது என்ன? அதை எப்படிக் காட்டுவது?

எங்கள் பகுதியில் ஆய்வாளர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள் ஆகியோருக்கு எட்டக்கூடிய வழி பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் நீங்கள் இரண்டாம் பிரிவுக்கு உரியவராக இருக்க வேண்டும்: முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ, அல்லது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிப்படியாகப் பொறுப்பு உயர்ந்த ஐந்தாண்டு அனுபவமோ, அல்லது ஆறு அளவுகோல்களில் மூன்றை நிறைவு செய்யும் ‘சிறப்புத் திறனோ’ இருக்க வேண்டும். அதன் பிறகுதான், வேலைக் கடிதம் என்னும் நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறீர்கள்.

தளர்த்துவதற்கான அளவுகோலை 2016 டிசம்பரில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் தனசார் என்பவரின் விவகாரத்தில் வகுத்தது. அவர் வான்வெளிப் பொறியியலில் ஆய்வாளர். அந்த முடிவின்படி மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். நீங்கள் செய்யப்போகும் பணி தன்னளவில் மதிப்புடையதாகவும் அமெரிக்க நாட்டளவில் முக்கியத்துவம் உள்ளதாகவும் இருக்கிறதா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வேலைக் கடிதமும் தொழிலாளர் துறைச் சான்றும் வேண்டாம் என்று விடுவது அந்நாட்டுக்கு நன்மையா?

நான் தவறிய இடம் முதல் கேள்விதான். என் முதல் வரைவில் பதினொரு பக்கங்களுக்குக் கடற்புல்லின் பெருமையைப் பாடியிருந்தேன்: அது கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிறது, மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில், ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு உணவு என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் அமெரிக்க அதிகாரி தேடுவது துறையின் பெருமையை அன்று. நான் அங்கே எதைச் செய்யப் போகிறேன், அதனால் என் ஆய்வகத்துக்கு வெளியே யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இரண்டாம் முறை எழுதியபோது, அழிந்துபோன கடற்புல் படுகைகளை மீட்கப் பாக் நீரிணையில் நாங்கள் பயன்படுத்திய நடவு முறையை, அமெரிக்காவில் இதே சிக்கல் உள்ள வளைகுடாக் கரைகளில் எவ்வாறு செய்து பார்ப்பேன், அந்த முறையை யார் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்று படிப்படியாக வைத்தேன். துறை முக்கியமானது என்று எழுதுவது எளிது. உங்கள் முயற்சி ஏன் முக்கியமானது என்று எழுதுவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை ஒதுக்குங்கள்.

மருத்துவர்களுக்கு இதிலேயே தனி ஏற்பாடு உண்டு. மருத்துவர் பற்றாக்குறை என்று அறிவிக்கப்பட்ட பகுதியிலோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலோ ஐந்து ஆண்டுகள் முழுநேரம் பணியாற்றும் மருத்துவருக்கு அந்தப் பணியே தேச நலனாகக் கொள்ளப்படும்.

மூன்றாண்டு பி.எஸ்சி. படித்திருக்கிறேன், அது போதுமா?

மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தனியாக நின்றால், நான்காண்டு அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக அதை ஏற்பது அரிது. நான்காண்டு பி.இ. பட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பி.எஸ்சி.க்கு மேல் எம்.எஸ்சி. படித்தவர்கள், அதற்கு மேல் முனைவர் பட்டம் பெற்றவர்கள், தங்கள் சான்றிதழ்களைக் கல்வி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து முன்கூட்டியே மதிப்பிட்டுக்கொள்வது நல்லது. ‘இளநிலைக்குப் பின் ஐந்தாண்டு’ என்று எண்ணும்போது பட்டம் பெற்ற தேதிக்குப் பிந்தைய அனுபவம் மட்டுமே கணக்கில் சேரும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்களோடு வேலை செய்தவரிடம் வாங்கும் கடிதத்தைவிட, உங்களை நேரில் அறியாமல் உங்கள் பணியைப் பயன்படுத்தியவரின் கடிதத்துக்கு எடை அதிகம். எனக்கு வந்த கடிதங்களில் ஒன்று, நான் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன், எந்த நிறுவனத்துக்கும் பெருமை சேர்ப்பவன் என்று ஒரு பக்கம் முழுதும் புகழ்ந்தது. அதனால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. மற்றொன்று ஒன்றரைப் பக்கம்தான். முன்பின் அறியாத ஓர் ஆய்வாளர், என் கட்டுரையில் இருந்த நடவு இடைவெளியைத் தம் களத்தில் பின்பற்றியதாகவும், முன்பு அவர் பயன்படுத்திய முறையில் நாற்றுகள் அலையில் பிடுங்கிக்கொண்டு போனதாகவும், இதில் நின்றதாகவும் எழுதியிருந்தார். யார், எங்கே, எதை எடுத்து, என்ன பலன் கண்டார் என்ற நான்கும் அதில் இருந்தன. கடிதம் கேட்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள்.

மனு ஏற்கப்பட்டால் விசா வந்துவிடுமா?

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் மனம் உடைகின்றன. ஐ-140 ஏற்பு என்பது வரிசையில் நிற்க ஓர் இடம் மட்டுமே. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்த விசாக்களில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகப் போகக் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளமாகிவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டின் என்னும் அறிவிப்பை வெளியிடுகிறது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதைப் பார்த்தபோது, இந்தியாவுக்கான இரண்டாம் பிரிவில் 2013ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கே விசா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பிரிவில் அது 2022 பிப்ரவரியாக இருந்தது. வேலைக் கடிதத்திலிருந்துதான் விலக்குக் கிடைக்கிறது. வரிசையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. இந்த ஒன்றை யார் கேட்டாலும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாங்களே மனுப் போடுவோருக்கு, ஐ-140 அமெரிக்கக் குடியேற்றத் துறை அலுவலகத்தில் சேர்ந்த நாளே முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி. அந்தத் தேதி உங்களுடையது. மோசடி போன்ற காரணங்களால் மனு ரத்தாகாத வரை, பின்னர் முதல் பிரிவில் புதிய மனுப் போட்டு வென்றாலும் பழைய தேதியையே எடுத்துச் செல்லலாம். அதனால் இன்று தேச நலன் விலக்கில் இடம் பிடித்துவைத்து, சில ஆண்டுகள் பணியை வளர்த்து, பிறகு ஈபி-1ஏ போடுவது அறிவுள்ள வழி. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் துபாயில் பிறந்தவன், மனைவி கொழும்பில் பிறந்தவள். இதில் ஏதும் மாறுமா?

மாறும், அதுவும் மிகப் பெரிதாக மாறும். இதைத் தெரியாமலே பத்து ஆண்டுகளை வீணாக்கியவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள் என்பதால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். வரிசையைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, கடவுச்சீட்டும் அன்று, பிறந்த நாடு. வளைகுடா நாடுகள் அங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தருவதில்லை. ஆனாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துபாயில் பிறந்த கீழக்கரைப் பையன் ஐக்கிய அரபு அமீரகத்தின் கணக்கில்தான் வருவான், இந்தியக் கணக்கில் வர மாட்டான். 2025இன் நடுப்பகுதியில் இந்தியா, சீனா அல்லாத நாடுகளுக்கு இரண்டாம் பிரிவுத் தேதி 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருந்தது. அண்ணன் இராமநாதபுரத்தில் பிறந்து, தம்பி சார்ஜாவில் பிறந்து, இருவரும் ஒரே நாளில் ஒரே தகுதியோடு மனுப் போட்டால், இருவருக்கும் இடையே பத்து ஆண்டு வித்தியாசம் வரக்கூடும்.

கணவன் மனைவி இருவரில் யாருடைய பிறந்த நாட்டையும் மற்றவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அடுத்த சலுகை. இரத்தின வணிகத்துக்காகத் தலைமுறைகளாகக் கொழும்புக்குப் போய்வந்த குடும்பங்களிலும், யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்து சிறு வயதில் படகில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களை மணந்த குடும்பங்களிலும் இது நேரடியாகப் பயன்படும். மனைவி இலங்கையில் பிறந்தவர் என்றால், இந்தியாவில் பிறந்த கணவனின் மனு இலங்கைக் கணக்கில் போகலாம்; இருவரும் சேர்ந்து குடியேற வேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது. மனைவியின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லையென்றால், இன்றே அதைத் தேடத் தொடங்குங்கள்.

காத்திருக்கும்போது பிள்ளைகளுக்கு 21 வயது ஆகிவிட்டால்?

திருமணமாகாத, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டுமே உங்களோடு சேர்ந்து வர முடியும். 2002ஆம் ஆண்டின் குழந்தைநிலைப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது: விசா கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, ஐ-140 மனு முடிவாகாமல் கிடந்த நாள்களைக் கழித்துக் கணக்கிடுவார்கள். ஆனால் மனு ஏற்கப்பட்ட பின் வரிசையில் நிற்கும் ஆண்டுகள் கழிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்திய வரிசையில் இரண்டாம் பிரிவில் சேருகிறவர், அவளுக்கான படிப்பைத் தனியாகத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

மனுப் போட்ட பிறகு சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கடினமாகும். அந்த விசாக்களுக்குத் திரும்பி வரும் எண்ணம் உண்டு என்று காட்ட வேண்டும். படிவத்திலேயே குடியேற்ற மனு போடப்பட்டுள்ளதா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பொய்யாக விடை சொல்லாதீர்கள். தற்காலிக வேலைக்கான ஹெச்-1பி விசாவுக்கு இந்தத் தடை இல்லை. மகன் அடுத்த ஆண்டு மேல்படிப்புக்குப் போகிறான் என்றால், அவன் பெயரில் மனுவை எப்போது போடுவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு செலவாகும்? ஏஜென்டிடம் கொடுக்கலாமா?

2024 ஏப்ரல் 1 முதல் ஐ-140 கட்டணம் 715 டாலர். தாமே மனுப் போடுபவர் அதனுடன் 300 டாலர் கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். விரைவுத் தீர்வு வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பெரிய தொகை உண்டு: ஈபி-1ஏ மனுவுக்கு 15 வேலை நாள்களிலும், தேச நலன் விலக்கு மனுவுக்கு 45 வேலை நாள்களிலும் அதிகாரிகள் பதில் சொல்வார்கள். அது பதிலைத்தான் விரைவுபடுத்தும், வரிசையைத் தள்ளாது. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், செலுத்தும் நாளில் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மனுவை நீங்களே எழுதலாம். பிறர் உதவி வேண்டுமென்றால், அமெரிக்காவில் வழக்காட உரிமம் பெற்ற வழக்கறிஞரை அமர்த்துங்கள். நான் தொடக்கத்தில் ஒரு தரகரிடம் பணம் கொடுத்தேன். அவர் அனுப்பிய வரைவில் வேறொரு விண்ணப்பதாரரின் ஊர்ப் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. பணம் போனது என்னோடு முடிந்தது; ஆனால் அதைவிட ஆபத்தானது, ‘காக்கா (அண்ணா), விருது வாங்கித் தர்றேங்கிறாங்க, பத்திரிகையில போட்டு நடுவராகவும் ஆக்குறேங்கிறாங்க’ என்று ஓர் இளைஞன் என்னிடம் வந்து சொன்ன செய்தி. காசுக்கு வாங்கிய விருதையும் பொய்யான நடுவர் பொறுப்பையும் அதிகாரிகள் கண்டுபிடிக்கிறார்கள். முக்கியமான ஒன்றில் பொய் சொல்லிக் குடியேற்றப் பலன் கேட்டவர் என்று தீர்மானித்துவிட்டால், நிரந்தரத் தடை விழும். அதிலிருந்து மீள மிகக் குறுகிய வழிகளே உண்டு.

வேறு நாடுகளில் இப்படி வழி உண்டா?

உண்டு. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, மொழித் தேர்வு, படிப்பு, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் கொடுக்கிறார்கள். 2025 மார்ச் 25 முதல் வேலைக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகளையும் நீக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 189 வகை விசாவுக்கும் வேலைக் கடிதம் தேவையில்லை. தொழில் மதிப்பீடும் குறைந்தது 65 புள்ளிகளும் வேண்டும், அழைப்பு வர அதற்கு மேலும் தேவைப்படலாம். இந்த இரண்டிலும் பிறந்த நாட்டு வரிசை இல்லை. அமெரிக்காவைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்று முப்பத்தைந்து வயதில் பிடிவாதம் பிடிப்பவர்கள், வயது ஏற ஏற அதற்கான புள்ளிகள் குறைவதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கிருந்தே முதலில் தயார் செய்ய வேண்டிய ஆவணங்கள் எவை?

பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். என் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது, பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தாயார் பெயர் எல்லாம் மை மங்காமல் இருந்தன. குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. பிறந்த வாரத்தில் பதிவு செய்தவர்கள் பிறகு போய்ப் பெயரைச் சேர்க்கவில்லை. நம் பக்கத்தில் ஏராளமானோரின் சான்றிதழ் இப்படித்தான் இருக்கும். பதிவான நகராட்சியிலோ பேரூராட்சியிலோ விண்ணப்பித்துப் பெயரைச் சேர்க்கலாம். பதிவே இல்லையென்றால், இல்லை என்பதற்கான சான்றும், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். அந்த மூத்தவர்கள் நலமாக இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’, என்று விழும். அது பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வரும் நாம், மறுவெளியீட்டின்போது தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுக்கொண்டால், பட்டச் சான்றிதழ்களில் உள்ள முன்னெழுத்தோடும் அது பொருந்தி வரும்.

மூன்றாவதாக, பதினாறு வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று கேட்பார்கள். சவூதியிலோ குவைத்திலோ இப்போது வேலையில் இருப்பவர்கள், வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் முன், அங்கே கைரேகை கொடுத்துப் பெற வேண்டிய காகிதங்களின் நடைமுறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்துவிட்ட பிறகு அதற்காகத் தூதரகத்துக்கும் அங்குள்ள நண்பருக்கும் மாறி மாறி எழுதிக்கொண்டு, என் உறவினர் ஒருவர் எட்டு மாதம் காத்திருந்தார்.